50 எம்எம்மா, 85 எம்எம்மா? போர்ட்ரெய்ட் லென்ஸ் வாங்கும் முன் அறையை அளந்து பாருங்க!

கல்லூரியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர். பெயர் சூட்டு விழா, காதுகுத்து, பிறந்தநாள் என்று சின்னச் சின்ன விசேஷங்களுக்குப் படம் எடுப்பவர். போன வருஷம் மாதத் தவணையில் ஒரு 85 எம்எம் எஃப் 1.4 லென்ஸ் வாங்கினார். அவரிடம் இருப்பது கிராப் சென்சார் கேமரா.

லென்ஸ் கைக்கு வந்த வாரமே ஒரு வீட்டில் பெயர் சூட்டு விழா. 10-க்கு 12 அடி ஹால். அம்மாவையும் குழந்தையையும் இடுப்பளவுக்கு எடுக்கலாம் என்று பின்னால் போனால், முதுகு சுவரில் முட்டியது. வாசலுக்குப் போய் நின்றால் குறுக்கே சொந்தக்காரர்கள். குழந்தையின் முகத்தைக் கிட்டப் போய் எடுத்ததில் பாதிப் படங்களில் ஒரு கண் ஷார்ப், இன்னொரு கண் மங்கல். கடைசியில் கேமராவோடு வந்த பழைய கிட் லென்ஸை மாட்டித்தான் விழாவை முடித்துக் கொடுத்தார்.

"லென்ஸ்ல ஒரு குறையும் இல்ல. ரிவ்யூ வீடியோவைப் பார்த்து வாங்கிட்டேன். நான் வேலை செய்யுற இடத்தைப் பார்த்து வாங்கல" என்றார். தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் போர்ட்ரெய்ட் லென்ஸ் வாங்கப் போகும் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். எந்த லென்ஸ் நல்ல லென்ஸ் என்று தேடுகிறோம். நம்ம கேமராவுக்கும் நாம் நிற்கும் இடத்துக்கும் எது பொருந்தும் என்று பார்ப்பதில்லை. அதை எப்படிப் பார்ப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'ஃபாஸ்ட் பிரைம்' என்றால் என்ன?

ஜூம் வசதி இல்லாத லென்ஸ்தான் பிரைம் லென்ஸ். 50 எம்எம் என்றால் 50 எம்எம் மட்டும்தான். கிட்ட வேண்டுமானால் நாம் நடந்து போக வேண்டும், எட்ட வேண்டுமானால் பின்னால் நகர வேண்டும்.

'ஃபாஸ்ட்' என்பது வெளிச்சக் கணக்கு. லென்ஸில் எஃப் 1.8, எஃப் 2.8, எஃப் 5.6 என்று ஒரு எண் இருக்கும். லென்ஸின் எம்எம் அளவை இந்த எண்ணால் வகுத்தால், வெளிச்சம் நுழையும் திறப்பின் விட்டம் கிடைக்கும். 50 எம்எம் லென்ஸில் எஃப் 1.8 என்றால் திறப்பு சுமார் 28 மில்லிமீட்டர். அதே 50 எம்எம்மில் எஃப் 5.6 என்றால் வெறும் 9 மில்லிமீட்டர். அதாவது, எண் சின்னதாக இருந்தால் திறப்பு பெரிசு. உள்ளே வரும் வெளிச்சம் அதிகம் என்பதால் ஷட்டரை வேகமாக வைக்கலாம். அதனால்தான் 'ஃபாஸ்ட்'.

கிட் லென்ஸோடு என்ன வித்தியாசம்?

கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 55 எம்எம்மில் வைத்தால், பெரும்பாலும் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

இதைப் படம் எடுக்கும் கணக்கில் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். ஒரு டியூப்லைட் அறையில் கிட் லென்ஸில் விநாடியில் 20-ல் ஒரு பங்கு ஷட்டர் கிடைக்கிறது என்று வையுங்கள். பாட்டி லேசாகத் தலையை அசைத்தாலே படம் கலங்கிவிடும். அதே அறையில் எஃப் 1.8 இருந்தால் 200-ல் ஒரு பங்கு வைக்கலாம். பாட்டி சிரிக்கும்போது எடுத்தாலும் முகம் தெளிவாக நிற்கும்.

வேகமான லென்ஸ் என்ற தேவையே போர்ட்ரெய்ட்டால்தான் வந்தது என்று சொல்லலாம். 1839-ல் டாகெரோடைப் போட்டோகிராபி உலகுக்கு அறிமுகமானபோது, லென்ஸ் திறப்பு ரொம்பச் சின்னது. முகத்தைப் படம் எடுக்க ஒருவர் நிமிடக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். 1840-ல் வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால், கணக்குப் போட்டே சுமார் எஃப் 3.6 அளவுக்குத் திறக்கும் ஒரு லென்ஸை வடிவமைத்தார். முந்தைய லென்ஸைவிட 15 மடங்குக்கும் மேல் வெளிச்சம். அதை ஃபாய்க்ட்லாண்டர் நிறுவனம் தயாரித்தது. உட்கார வேண்டிய நேரம் விநாடிக் கணக்குக்கு இறங்கிய பிறகுதான் போர்ட்ரெய்ட் ஸ்டூடியோ தொழில் சூடுபிடித்தது.

முகம் மாறுவது தூரத்தால்

'85 எம்எம்மில் எடுத்தா முகம் அழகா வரும், 35-ல எடுத்தா மூக்கு பெரிசாத் தெரியும்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பாதி உண்மை. மூக்கைப் பெரிசாக்குவது லென்ஸ் கிடையாது, நீங்கள் நிற்கும் தூரம்.

மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 5 அங்குலம் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை அடி தூரத்தில் நின்று எடுத்தால், காதோடு ஒப்பிடும்போது மூக்கு சுமார் 28 சதவீதம் பெரிசாகப் பதிவாகும். 6 அடி தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் 7 சதவீதம்தான். நேரில் நாம் பேசிப் பழகும் தூரத்தில் பார்க்கும் முகம் அப்படித்தான் இருக்கும். செல்ஃபியில் முகம் வேறு மாதிரி தெரிவதற்கும் இதுவே காரணம், கை நீளும் தூரம் அவ்வளவுதானே!

அப்படியென்றால் 85 எம்எம் எதற்கு? 6 அடி தள்ளி நின்றாலும் முகம் ஃபிரேமை நிறைக்க வேண்டும் இல்லையா, அதற்காக. எம்எம் கூடக் கூட லென்ஸ் நம்மைப் பின்னால் தள்ளி நிற்க வைக்கிறது. முகத்துக்கு அது நல்லது. ஆனால் பின்னால் நகர இடம் இருக்க வேண்டும்.

உங்க கேமராவில் 50 எம்எம், 50 எம்எம் மாதிரி தெரியாது

கேமராவுக்குள் இருக்கும் சென்சாரின் அளவைப் பொறுத்து லென்ஸ் காட்டும் பரப்பு மாறும். 35 எம்எம் ஃபிலிம் அளவில் இருப்பது ஃபுல் ஃபிரேம். அதைவிடச் சின்னது ஏபிஎஸ்-சி, அதைத்தான் கிராப் சென்சார் என்கிறோம். ஆரம்ப விலைக் கேமராக்கள் பெரும்பாலும் இந்த வகை.

கிராப் சென்சார் படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நிக்கான், சோனி, ஃபுஜிஃபில்ம் கிராப் கேமராக்களில் எம்எம் அளவை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கேனானில் 1.6.

அதனால் கிராப் கேமராவில் 50 எம்எம் லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 75 முதல் 80 எம்எம் லென்ஸ் காட்டும் அளவுக்குத்தான் காட்டும். 85 எம்எம் போட்டால் சுமார் 128 முதல் 136 எம்எம் மாதிரி ஆகிவிடும். 35 எம்எம் போட்டால் 50-ஐ ஒட்டி நிற்கும்.

ரிவ்யூவில் '85 தான் போர்ட்ரெய்ட்டுக்கு ராஜா' என்று சொல்பவர் பெரும்பாலும் ஃபுல் ஃபிரேமில் பேசுகிறார். கிராப் கேமராவில் ஏறக்குறைய அதே காட்சியைத் தருவது 50 எம்எம்தான். என் நண்பர் கோட்டை விட்டது இங்கேதான்.

டேப்பை எடுத்து அளங்க

இப்போது முக்கியமான கணக்கு. கேமராவை நெட்டாகப் பிடித்து எடுக்கிறோம். ஆளை விட்டு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டியிருக்கும்? தோராயமாக இப்படி:

இடுப்பளவுப் படத்துக்கு (ஃபிரேமில் 1 மீட்டர் உயரம்):
- கிராப் கேமராவில் 35 எம்எம்: 5 அடி
- கிராப் கேமராவில் 50 எம்எம்: 7 அடி
- கிராப் கேமராவில் 85 எம்எம்: 12 அடி
- ஃபுல் ஃபிரேமில் 50 எம்எம்: 5 அடி
- ஃபுல் ஃபிரேமில் 85 எம்எம்: 8 அடி

தலை முதல் கால் வரை முழுப் படத்துக்கு (ஃபிரேமில் 2 மீட்டர் உயரம்):
- கிராப் கேமராவில் 35 எம்எம்: 10 அடி
- கிராப் கேமராவில் 50 எம்எம்: 14 அடி
- கிராப் கேமராவில் 85 எம்எம்: 24 அடி
- ஃபுல் ஃபிரேமில் 50 எம்எம்: 9 அடிக்கு மேல்
- ஃபுல் ஃபிரேமில் 85 எம்எம்: 16 அடி

இது ஆளுக்கும் கேமராவுக்கும் நடுவில் மட்டும். நீங்கள் நிற்க ஒன்றிரண்டு அடி வேண்டும். பேக்கிரவுண்ட் மங்கலாக வர வேண்டுமானால், ஆளும் பின்சுவரை விட்டு நாலைந்து அடியாவது முன்னால் வர வேண்டும். சுவரில் சாய்ந்து நிற்கும் ஒருவரை எந்த லென்ஸில் எடுத்தாலும் சுவரின் சுண்ணாம்பு வரைக்கும் தெரியத்தான் செய்யும்.

12 அடி நீள ஹாலில் கிராப் கேமராவும் 85 எம்எம்மும் ஏன் வேலைக்கு ஆகாது என்பது இப்போது புரிந்திருக்கும். அதே லென்ஸ் கடற்கரையிலோ கோயில் பிராகாரத்திலோ மொட்டை மாடியிலோ அருமையாக வேலை செய்யும். அங்கே பின்னால் நடக்க இடம் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. ஃபுல் ஃபிரேமில் 50 எம்எம், கிராப்பில் 35 எம்எம் வைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் ஃபிரேம் நிறைய எடுக்கப் போனால் இரண்டரை அடிக்குள் போய் நிற்க வேண்டிவரும். அங்கே மூக்குப் பிரச்சினை மறுபடியும் தலைதூக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவரும் நெளிய ஆரம்பித்துவிடுவார்.

எஃப் 1.8 போதுமா? 1.4, 1.2 வேணுமா?

கடைக்குப் போனவுடன் மனசு அலைபாயும் இடம் இது. 1.8-லிருந்து 1.4-க்குப் போனால் விலை சில மடங்கு ஏறும். கிடைப்பது என்ன?

வெளிச்சம்: எஃப் 1.8-ஐவிட எஃப் 1.4 சுமார் 1.65 மடங்கு வெளிச்சம் தரும். எஃப் 1.2 என்றால் 2.25 மடங்கு. கிட் லென்ஸிலிருந்து 1.8-க்கு வந்தபோது கிடைத்த 10 மடங்கு ஜம்ப் இங்கே கிடையாது. ஐஎஸ்ஓ-வை ஒரு படி ஏற்றினால் பெருமளவு சரிக்கட்டிவிடலாம்.

எடை: சோனியின் 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் 371 கிராம். அதே கம்பெனியின் 85 எம்எம் எஃப் 1.4 ஜிஎம் (2016-ல் வந்த முதல் மாடல்) 820 கிராம். கேனானின் ஆர்எஃப் 85 எம்எம் எஃப் 1.2 லென்ஸ் 1,195 கிராம். முகூர்த்தத்துக்கு விடியற்காலையிலேயே கேமராவைத் தூக்குபவர் கழுத்துக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

ஃபோகஸ் ஆழம்: படத்தில் முன்னும் பின்னும் எவ்வளவு தூரத்துக்கு ஷார்ப்பாக இருக்கும் என்பதுதான் இது. ஃபுல் ஃபிரேமில் 85 எம்எம், 2 மீட்டர் தூரம், எஃப் 1.8 வைத்தால் கிடைப்பது சுமார் 6 சென்டிமீட்டர். எஃப் 1.2-ல் 4 சென்டிமீட்டருக்கும் கீழே. ஒரு மீட்டர் கிட்டப் போய் 1.2-ல் எடுத்தால் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. முகம் லேசாகத் திரும்பினாலே ஒரு கண் போய்விடும்.

நண்பருக்கு நடந்ததும் இதுதான். கிராப் கேமராவில் 85 எம்எம்மை முழுசாக எஃப் 1.4-ல் திறந்து, ஒன்றரை மீட்டரில் எடுத்திருக்கிறார். அங்கே ஃபோகஸ் ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர்தான். கைக்குழந்தை அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கி இருக்குமா?

மணமக்களை ஜோடியாக எடுக்கும்போது ஒருவர் அரை அடி பின்னால் நின்றாலே இந்தப் பிரச்சினை வரும். அங்கே எஃப் 2.8 அல்லது 4-க்குத்தான் வைப்போம். 10 அடி தூரத்தில் 85 எம்எம், எஃப் 2.8 என்றால் சுமார் 20 சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும். 2.8-ல் வைத்து எடுக்கப் போகும் படத்துக்கு 1.2 லென்ஸின் விலை எதற்கு என்று ஒருமுறை யோசியுங்கள்.

இன்னொரு தகவல். நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் 1985 ஜூன் அட்டையில் வந்த, பச்சைக் கண்களுடைய ஆப்கான் சிறுமியின் படம் நினைவிருக்கிறதா? 1984-ல் பாகிஸ்தானில் இருந்த அகதிகள் முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்தது. உலகின் மிகப் புகழ்பெற்ற போர்ட்ரெய்ட்களில் ஒன்றான அது, நிக்கானின் 105 எம்எம் எஃப் 2.5 லென்ஸில் எடுக்கப்பட்டது. முழுசாகத் திறந்தாலும் 2.5-ஐத் தாண்டாத லென்ஸ்!

அதற்காக 1.4, 1.2 லென்ஸ்கள் வீண் என்று அர்த்தம் இல்லை. இருட்டான ரிசப்ஷன் ஹாலில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுப்பவர், போட்ட காசை ஒரு சீசனில் திருப்பி எடுக்கும் அளவுக்கு வேலை உள்ளவர் வாங்கலாம். முதல் லென்ஸாக, அதுவும் தவணையில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

போன்ல போர்ட்ரெய்ட் மோட் இருக்கே?

இருக்கிறது. ஆனால் அந்த மங்கல் பெரும்பாலும் சாஃப்ட்வேர் போடும் கணக்கு. ஆள் எங்கே முடிகிறார், பின்னணி எங்கே தொடங்குகிறது என்று போன் கணித்து, பின்னணியை மட்டும் மங்கலாக்குகிறது. முகத்தைச் சரியாகப் பிடித்துவிடும். தலையில் வைத்த மல்லிகைப் பூ, ஜிமிக்கித் தொங்கல், காற்றில் பறக்கும் முடி ஆகிய இடங்களில் அடிக்கடி சறுக்கும். லென்ஸில் வரும் மங்கல் தூரத்துக்கு ஏற்றபடி இயல்பாக விழும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போன் போதும். பெரிய ஆல்பத்துக்குப் பிரிண்ட் போட வேண்டுமானால் லென்ஸ் தேவை.

பில் போடும் முன் கவனிக்க வேண்டியவை

மவுண்ட் பொருந்துமா? கேனான் டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸை, ஆர்எஃப் மவுண்ட் மிரர்லெஸ் கேமராவில் போட அடாப்டர் வேண்டும். ஆர்எஃப் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் போடவே முடியாது. நாளைக்குக் கேமரா மாற்றும் எண்ணம் இருந்தால் இதை இப்போதே யோசிக்க வேண்டும்.

லென்ஸில் மோட்டார் இருக்கா? நிக்கானின் பழைய 'ஏஎஃப் 50 எம்எம் எஃப் 1.8டி' மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். டி3500, டி5600 போன்ற கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அந்த லென்ஸிலும் இல்லை. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். இந்தக் கேமரா வைத்திருப்பவர்கள் 'ஏஎஃப்-எஸ்' என்று போட்டிருக்கும் 1.8ஜி லென்ஸை வாங்குவது நல்லது.

செகண்ட் ஹேண்ட் வாங்குறீங்களா? போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இது சீக்கிரம் வரும். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கேமராவில் மாட்டி, எஃப் 1.8-ல் பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

புதுசு வாங்கினால் இந்திய வாரன்டி உண்டா என்று பில்லோடு சேர்த்துக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வையுங்கள். கேமரா பையிலேயே மாதக்கணக்கில் வைத்து மூடிவிடாதீர்கள்.

வாங்கிய முதல் வாரம் செய்ய வேண்டியது

எடுத்தவுடன் 1.8-ல் எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். 2.2, 2.8 என்று தொடங்கி, கை பழகிய பிறகு திறங்கள்.

மிரர்லெஸ் கேமராவில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வைத்து, உங்களுக்கு அருகில் இருக்கும் கண் மேல் புள்ளியை நகர்த்துங்கள். நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பினால், அந்தச் சின்ன அசைவிலேயே ஃபோகஸ் நழுவிவிடும்.

விலை குறைந்த பிரைம் லென்ஸ்கள் பலவற்றில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இருக்காது. ஷட்டரை 125-ல் ஒரு பங்குக்குக் கீழே இறக்காதீர்கள். குழந்தைகள் என்றால் 250-ல் ஒரு பங்காவது வையுங்கள்.

சரி, நான் எதை வாங்கட்டும்?

- கிராப் கேமரா, வீடும் வெளியிடமும் கலந்த வேலை: 50 எம்எம் எஃப் 1.8. பெரும்பாலானவர்களுக்கு இது போதும்.
- கிராப் கேமரா, முழுக்க முழுக்கச் சின்ன அறைகள், குடும்பப் படங்கள்: 35 எம்எம் எஃப் 1.8.
- ஃபுல் ஃபிரேம், ஒரே லென்ஸில் எல்லாம் வேண்டும்: 50 எம்எம் எஃப் 1.8.
- ஃபுல் ஃபிரேம், மண்டபம், வெளியிடம், தனி ஆள் படங்கள்: 85 எம்எம் எஃப் 1.8.
- கிராப் கேமரா, 85 எம்எம்: எப்போதும் திறந்தவெளியில்தான் எடுப்பேன் என்றால் மட்டும்.

இன்னும் குழப்பம் தீரவில்லையா? காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் கிட் லென்ஸை 35 எம்எம்மில் வைத்து, ஜூம் வளையம் நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க நீங்கள் வழக்கமாக எடுக்கும் இடங்களில், வழக்கமான ஆட்களை எடுங்கள். மறுநாள் 50-ல் வைத்து அதே மாதிரி. பின்னங்கால் சுவரில் இடித்தது எதில், முகத்துக்கு ரொம்பக் கிட்டப் போக வேண்டியிருந்தது எதில் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த எண்ணைப் பேப்பரில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நண்பர் இப்போது விசேஷ வீட்டிலிருந்து கால் வந்தால், ரேட் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறார்: "ஹால் எத்தனை அடிங்க?"